காஞ்சியில் ஈஸ்ட் வாடை

தமிழில் கஞ்சி என்றால் சோற்றுக் கஞ்சி. வட இந்தியாவில் காஞ்சி என்பது புளித்த பானம். கருப்பு கேரட், கடுகுத்தூள், உப்பு, தண்ணீர் சேர்த்து ஜாடியில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். 3 முதல் 5 நாளில் புளிக்கும்.

சில சமயம் ஈஸ்ட் வாடை அடிக்கும். ஏன்?

புளிப்பைத் தருவது பாக்டீரியா. அதற்குக் காற்று தேவையில்லை. ஈஸ்ட் வேறொரு நுண்ணுயிர். காற்றுப் படும் மேல்பரப்பில் அது வெள்ளை ஆடையாகப் படரும். வாடை அதிலிருந்து வருகிறது.

என்ன செய்யலாம்?

ஜாடியை வெந்நீரில் கழுவிக் காய வையுங்கள்.
உப்பைக் குறைக்காதீர்கள்.
கேரட் துண்டுகள் நீரில் மூழ்கி இருக்கட்டும்.
தினமும் சுத்தமான கரண்டியால் கிளறுங்கள்.
புளித்ததும் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

வெள்ளை ஆடையை எடுத்துவிடலாம். பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சு போலப் பூத்தால் அது பூஞ்சணம். அதை வழித்துவிட்டுக் குடிக்கக் கூடாது. காசு போகிறதே என்று பார்க்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.