மரக்காலும் புளித்த மாவும்

இயேசுபெருமான் விண்ணரசைப் பற்றி மக்களுக்கு விளக்கப் புகுந்தபோது, பெரும்பாலும் அவர்தம் வீட்டுப் பொருள்களையே எடுத்தாண்டார். விளக்கு, உப்பு, புளித்த மாவு, பழைய ஆடைக்கு இடும் ஒட்டு என அவை விரியும். திருமறையைத் தமிழாக்கிய அறிஞர்கள் இதன் அருமையை நன்குணர்ந்திருந்தனர். ஏற்றிய விளக்கை எதனடியில் மறைத்தலாகாது என்று பெருமான் கூறினாரோ, அது கிரேக்க மூலத்தில் 'மோதியோஸ்' என்னும் தானிய அளவை; ஏறத்தாழ 8.7 லிட்டர் கொள்வது. அதனை அவர்கள் 'மரக்கால்' என்றே பெயர்த்தனர். சென்னை வழக்கில் 8 படி ஒரு மரக்கால்; பிற ஊர்களில் அளவு மாறும். அளவு ஒத்துவருகிறதா என்பது ஈண்டுப் பெரிதன்று. நெல் அளக்கும் அக்கலத்தை அறியாத தமிழ்க் குடும்பம் அந்நாளில் அரிது.

நாகபுரியில் பிறந்து வளரும் நம் மக்களுக்கோ அது வெறும் ஒலி. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் அளவைகள் வந்தபின், ஊரிலேயே மரக்கால் அருகிவிட்டது. தமிழில் ஆராதனை மாதம் ஒருமுறையே வாய்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் திருமறை கேட்கும் இடம் வீட்டு மாலைச் செபம் ஒன்றே. அங்கும் சொல் விளங்காவிடில், அடுத்த ஆண்டு ஆங்கிலப் புத்தகம் கைக்கு வந்துவிடும்.

அகராதியைத் தேட வேண்டுவதில்லை. கோதுமை மாவு வைக்கும் டப்பாவைக் காலிசெய்து, மின்சாரம் நின்ற இரவில் எரியும் மெழுகுவர்த்தியின்மேல் தாய்மார் கவிழ்த்துக் காட்டட்டும். சற்று நேரத்தில் காற்றின்றிச் சுடர் அவிந்துவிடும். விளக்கை மூடுவது அளக்கும் கலம் என்பதில் நமக்கு ஒரு கருத்து உண்டு. சம்பளம், படி, மிகைநேர ஊதியம் என்று நாள்முழுதும் அளந்துகொண்டிருப்போர் வீட்டில், அதனடியில் எது அவிகிறது என்பதைப் பிள்ளைகள் கேட்கவும் கூடும், கேட்டால் நல்லதே.

புளித்த மாவின் உவமை தமிழ்ப் பெண்டிருக்கு உரை வேண்டாதது. நம் மொழிபெயர்ப்பில் மூன்று படி மாவு என்றுள்ளது. மூல அளவோ மூன்றும் சேர்ந்து 40 லிட்டருக்கு அணித்தாக வரும். ஒரு குடும்பத்துக்கான அப்பமன்று, ஊர் விருந்துக்கான மாவு! அத்துணையும் சிறிது புளிமாவினால் உள்ளிருந்தே மாறுகிறது. மார்கழிக் குளிரில் தோசைமாவு பொங்காமல், பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்துக் காத்திருக்கும் நம் இல்லத்தரசியர், இறையாட்சி ஏன் இத்துணை மெல்ல வருகிறது என்று குருமாரைக் கேட்கமாட்டார்கள். திறந்து திறந்து பார்த்தால் சூடுதான் போகும்.

காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடியவள் விளக்கேற்றியதேன் என்று சிலர் வினவுவர். கப்பர்நகூம் போன்ற கலிலேய ஊர்களில் எளியோர் வீடுகள் கருங்கல்லால் ஆனவை, சாளரம் சிறியது. ஒரு காசு ஒருநாட் கூலிக்குச் சமம். தேடாமல் என் செய்வாள்?

இரவுப்பணியால் ஆராதனைக்குச் செல்லவியலாதோர்க்கு லாரன்ஸ் சகோதரரை நினைவூட்டுகிறோம். பாரிசிலுள்ள கார்மேல் மடத்தின் அடுக்களையில் நெடுங்காலம் உழைத்து, 1691-இல் மறைந்தவர் அவர். சமையற்கூடத்தின் இரைச்சலுக்கிடையிலும், மண்டியிட்டு வேண்டுகையில் இருப்பதுபோலவே தாம் இறைவன் திருமுன் இருப்பதாக உணர்ந்தார். முதுமையில் கால்நோயால் அடுக்களை வேலை இயலாதபோது, மடத்தாரின் செருப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.