பஸ் பசுவாகாமல் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்

2025-ஆம் ஆண்டின் சொல் என்று அமெரிக்காவின் டிக்‌ஷனரி.காம் அறிவித்தது ஓர் எண்ணை: 67. அதை அறுபத்தேழு என்று படிக்கக் கூடாது, 'சிக்ஸ் செவன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்க்ரில்லா என்ற ராப் பாடகரின் பாட்டில் கிளம்பி, கூடைப்பந்து வீடியோக்களில் தொற்றிக்கொண்டு, பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்த சொல் அது. ஆசிரியர் 67-ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் போதும், வகுப்பே சிரிக்கும். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால், தேர்ந்தெடுத்தவர்களே கையை விரித்துவிட்டார்கள்.

உடனே வழக்கமான திருவிழா தொடங்கியது. 'உங்கள் பிள்ளை என்ன பேசுகிறது தெரியுமா?' என்று பெற்றோருக்கான பட்டியல்கள். சிக்மா என்றால் இது, ஸ்கிபிடி என்றால் அது. அப்பா அதை மனப்பாடம் செய்து சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால், அந்தச் சொல் அன்றைக்கே செத்துவிடும். மிச்சமிருப்பது 'பூமர் அங்கிள்' என்ற பட்டம் மட்டும்.

இன்னொரு பக்கம், பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் ஆண்டுதோறும் 'குழந்தைகளின் சொல்' ஒன்றை அறிவிக்கிறது. 2020-இல் கொரோனா வைரஸ். 2021-இல் பதற்றம். எலிசபெத் மறைந்த 2022-இல் ராணி. 2023-இல் பருவநிலை மாற்றம். 2024-இல் கனிவு. வரிசையைப் பார்த்தால் பிள்ளைகளின் மனசு தெரிகிறதோ இல்லையோ, அந்தந்த ஆண்டின் தலைப்புச் செய்தி தெரிகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி "பெரியவனாகி என்னவாகப் போற?" என்று கேட்டால் "கலெக்டர்" என்று ஒப்பிக்கும் அதே பிள்ளைதான், பெரியவர் ஒருவர் படிவத்தை நீட்டினால் "கனிவு" என்றும் எழுதும்.

வரலாறும் இருக்கிறது, சொல்லித் தொலைக்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதி சுமார் 5,000 பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து பேச்சையும் வழக்கங்களையும் திரட்டி 1959-இல் புத்தகமாக்கினார்கள். ஆட்டத்தின் நடுவே 'கொஞ்சம் நிறுத்து' என்று கேட்கும் சொல் ஊருக்கு ஊர் மாறுவதை வரைபடமாகவே போட்டார்கள். நம் பக்கம் தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றி எழுதினார். 1981-இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த இடத்தில்தான் அவர் காலமானார். அடுத்த ஆண்டு கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி வந்தது. தனித்தமிழுக்காகவே வாழ்ந்த பாவாணர் இன்றைய மதுரைப் பையன்களின் பேச்சைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டால் கையை எடுத்துவிடுவார் என்றும் தோன்றுகிறது.

அதற்கு வைகைக்குள் இறங்க வேண்டும். தண்ணீர் ஓடாத மாதங்களில் மதுரையின் பெரிய கிரிக்கெட் மைதானம் அதுதான். ஏ.வி. பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மூன்று குச்சிகளை ஊன்றி ஆடும் கூட்டத்தில் கேட்கும் வழக்கு இப்படிப் போகும்:

"மாப்ள, வைடுடா அது!"

"வைடெல்லாம் இல்ல பங்கு, பேடுல பட்டுச்சு."

"பேடா? இங்க எவன்டா பேடு கட்டிருக்கான்? பேட்டுல பட்டுச்சுன்னு சொல்லு, ரன்னு ஓடுறேன்."

சமூகவியல் படித்தவர்கள் இதில் 'மாப்ள'யையும் 'பங்கு'வையும்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். பெண் எடுக்கும், கொடுக்கும் முறை உள்ளவன் மாப்பிள்ளை. சொத்தில் பங்குள்ள அண்ணன் தம்பி வகையறா பங்காளி. ஒருவனே இரண்டுமாக இருக்க முடியாது. இந்தக் கோட்டைப் புரிந்துகொள்ளத்தான் லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1949-இலும் 1950-இலும் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்து, 1957-இல் தடிமனான நூல் ஒன்றை வெளியிட்டார். வைகைக்குள் அந்தக் கோடு அழிந்துவிட்டது. முதல் பந்துக்கு மாப்ளயாக இருந்தவன் அடுத்த பந்துக்குப் பங்காளி. இதை வைத்துக் குடும்ப அமைப்பே சிதைந்துவிட்டது என்று கட்டுரை எழுதலாம், எழுதியும்விடுவார்கள். ஆனால் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது அதே பையனுக்கு மாமன் யார், பங்காளி யார் என்பதில் ஒரு குழப்பமும் வருவதில்லை.

உண்மையான அதிசயம் அந்த உரையாடலில் யாரும் கவனிக்காத இடத்தில் ஒளிந்திருக்கிறது: பேட்டு, பேடு.

ஆங்கிலத்தில் மட்டைக்கும் கால்காப்புக்கும் உள்ள பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் மெய்யில் நிற்கின்றன. மதுரைப் பையன் இரண்டுக்கும் கடைசியில் ஓர் உகரம் சேர்க்கிறான். அது மட்டும் என்றால் பெரிய செய்தி இல்லை. ஒன்றில் மெய்யை இரட்டிக்கிறான், இன்னொன்றில் இரட்டிக்கவில்லை. பேட்டு, ஆனால் பேடு. கோட்டு, ஆனால் ரோடு. டைப்பு, ஆனால் வைபு. கேக்கு, ஆனால் பேகு. யாரும் சொல்லித்தரவில்லை. தப்பும் விடுவதில்லை.

பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லின் கடைசிப் படிக்கட்டில் யார் நிற்கலாம் என்பதற்குத் தொல்காப்பியத்தின் மொழிமரபு ஒரு பட்டியல் தருகிறது. பதினோரு மெய்களுக்கு அனுமதி உண்டு; அவற்றில் ஒன்றுகூட வல்லினம் இல்லை. க், ச், ட், த், ப், ற் ஆறும் படியில் தொங்கக் கூடாது. ஆங்கிலச் சொல்லோ அப்படித் தொங்கிக்கொண்டேதான் வருகிறது. கண்டக்டர் விசில் அடித்து "உள்ள வா" என்கிறார். உள்ளே உட்கார உகரம் என்ற சீட்டு வேண்டும். அதுவும் முழு டிக்கெட் இல்லை, அரை டிக்கெட். ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறுகும் குற்றியலுகரம் அது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணைக் காவு வாங்குகிற அதே குற்றியலுகரம்.

அரை டிக்கெட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்னால் போதிய கனம் இருக்க வேண்டும். காடு, பாட்டு, கரும்பு என்றால் கடைசி உகரம் குறுகும். ஒரே ஒரு குறிலை அடுத்து வந்தால் குறுகாது. பசு, நடு எல்லாம் முழு டிக்கெட். இப்போது 'பஸ்' ஏறுகிறது. முன்னால் இருப்பது ஒற்றைக் குறில். அப்படியே உகரத்தைச் சேர்த்தால் அது கிட்டத்தட்டப் பசுவாகிவிடும். என்ன செய்யலாம்? நம் ஊரில் கூட்டமான பஸ்ஸில் இடம் பிடிப்பது எப்படியோ அப்படித்தான்: ஜன்னல் வழியாக ஒரு துண்டைப் போட்டுவைக்கிறான். அந்தத் துண்டுதான் கூடுதலாக வரும் மெய். பஸ்ஸு. ரன்னு. கப்பு. நெடிலோ ஐகாரமோ முன்னால் இருந்தால் இடம் ஏற்கெனவே அகலம், துண்டு தேவையில்லை. காரு, ஃபோரு, வைடு.

அப்படியானால் பேட்டுக்கு எதற்குத் துண்டு? அங்கேயும் நெடில்தானே? இங்கேதான் ஆட்டம் சுவாரசியமாகிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்ட தமிழ் வல்லினம் மெலிந்துவிடும். படம் என்பதில் உள்ள டகரமும் பட்டம் என்பதில் உள்ள டகரமும் காதுக்கு ஒன்றல்ல. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தால் பசுமலை தாண்டுவதற்குள் வல்லினம் தூங்கிவிடும். பக்கத்தில் தன் இனத்தானே ஒருத்தன் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் விழித்திருக்கும். மட்டையின் ஒலி வன்மையானது, அதைக் காப்பாற்ற இரட்டித்தே ஆக வேண்டும்: பேட்டு. கால்காப்பின் ஒலி முதலிலேயே மென்மையானது, அது தூங்கினால் தூங்கட்டும்: பேடு. இந்த பஸ்ஸை இதற்கு மேல் ஓட்டினால் பிரேக் பிடிக்காது, இறங்கிக்கொள்ளலாம்.

கறாரான தமிழாசிரியர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார். ரன்னு, ஃபோரு என்பதில் உள்ளது குற்றியலுகரமே ஆகாது, அது வல்லினத்தின் மேல் மட்டும்தான் வரும் என்பார். சரிதான். ஆனால் பேச்சுத் தமிழ் அந்த ஏற்பாட்டை எல்லா மெய்க்கும் நீட்டிப் பல காலம் ஆகிவிட்டது. கல் கல்லு ஆகிறது, கால் காலு ஆகிறது. குறிலுக்குத் துண்டு, நெடிலுக்கு இல்லை. கண்ணுக்கும் பல்லுக்கும் போட்ட சட்டம்தான் ரன்னுக்கும் பென்னுக்கும்.

இதே சிக்கலை ஜப்பானியரும் சந்தித்தார்கள். அவர்கள் மொழியிலும் சொல் வல்லொலியில் முடியாது. கோப்பையைக் கப்பு என்றும் மட்டையைப் பத்தோ என்றும் நம்மைப் போலவே இரட்டித்துக்கொண்டார்கள். ஆனால் ஸகரத்துக்குத் துண்டு போட மறந்துவிட்டார்கள். அதனால் டோக்கியோவில் பயணிகள் ஏறி இறங்குவது 'பஸு'வில்.

1999-இல் எம்மானுவேல் டுப்பூவும் சக ஆய்வாளர்களும் ஜப்பானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் 'எப்ஸோ' போன்ற பொருளற்ற ஒலிகளைக் கேட்கக் கொடுத்தார்கள். நடுவில் உகரத்தின் சுவடே இல்லாமல் வெட்டியெடுத்த ஒலியிலும் ஜப்பானியருக்கு 'எபுஸோ' என்றே கேட்டது. இல்லாத உயிரை அவர்களின் காது சேர்த்துக்கொண்டது. இந்தப் பழக்கம் மிகச் சீக்கிரமே படிகிறது. ஆங்கிலம், டச்சு வீட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்து 1993-இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதத்தில் இரு மொழிச் சொற்களையும் ஒன்றுபோலக் கேட்டவை, ஒன்பது மாதத்தில் தங்கள் மொழியின் ஒலிக்கட்டுள்ள சொற்களையே அதிக நேரம் கவனித்தன. பால்பல் முளைக்கும் வயதிலேயே கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார் என்று கொள்ளலாம்.

ஆகவே ரீல்ஸ் பார்த்துத் தமிழ் அழிகிறது என்று புலம்புகிறவர்கள் எதைப் பார்த்துப் புலம்புகிறார்கள் என்பது கேள்விக்குரியது. வைப் என்ற சொல் கலிஃபோர்னியாவிலிருந்து வரட்டும். செல்லூர்த் தெருவில் அது 'செம வைபு' என்று ஒற்றைப் பகரத்தோடு அமைதியாக உட்கார்ந்துவிட்டது, டைப்பு மட்டும் இரட்டையோடு. ரிஸ் வந்தால் ரிஸ்ஸுதான். சிக்மா, ஸ்கிபிடி, ஆரா எல்லாம் உயிரில் முடிவதால் பாஸ் வைத்திருக்கும் பயணிகள், அவற்றைக் கண்டக்டர் நிறுத்துவதே இல்லை. இந்தச் சொற்களில் முக்கால்வாசி அடுத்த பொங்கலுக்குள் காணாமல் போகும்.

சில சமயம் ஆட்டம் போய்ச் சொல் நிற்பதும் உண்டு. சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் சுண்டி எடுப்பதற்கு அபீட்டு என்று பெயர். பம்பரம் விட்டே பார்க்காத பிள்ளைகளும், வீட்டுப்பாடம் கேட்கும்போது நழுவியவனை "அபீட் ஆயிட்டான்" என்கிறார்கள்.

வந்த சொல் விருந்தாளியா, ரேஷன் கார்டு வாங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. வீடு 'வீட்டுல' ஆகிறது, காடு 'காட்டுக்கு' ஆகிறது. வேற்றுமை உருபு வரும்போது டகரம் இரட்டிப்பது தமிழ் வீட்டுப் பிள்ளைக்குரிய சலுகை. ரோடு அதைப் பெற்றுவிட்டது. மதுரையில் யாரும் 'ரோடுல' நிற்பதில்லை, 'ரோட்டுல'தான் நிற்கிறார்கள். பேடும் வைடும் இன்னும் பெறவில்லை. 'பேடுல பட்டுச்சு' என்றுதான் அந்தப் பையனும் சொன்னான். மூடுக்கு எப்போதும் கிடைக்காது என்று பந்தயம் கட்டலாம். 'மூட்டுல இல்ல' என்றால் ஊரார் முழங்காலுக்குத் தைலம் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

வைகைக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. வைடா இல்லையா என்பதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த பந்தைப் போட்டார்கள். மட்டையின் விளிம்பில் பட்டு அது கரையைத் தாண்டிப் பறந்தது. ஃபீல்டிங்கில் நின்ற குட்டிப் பையன், அன்றைய ஆட்டத்தின் ஒப்புக்குச் சப்பாணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினான்: "பாலு ரோட்டுக்குப் போயிருச்சு, நான் எடுக்க மாட்டேன்!"