கம்பளி நூலும் பின்னற்கலையும்

நெசவுத் துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கிட்டு அமைகின்றன. கைப்பின்னலிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் முந்திய வரிசையின் கண்ணிக்குள் புகுந்து நிற்கிறது. பின்னல் உடை இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குவதற்கு இவ்வமைப்பே முதற்காரணமாகும். எனினும் உடையின் நயம் கைத்திறனை மட்டும் பொறுத்ததன்று. நூலின் இயல்பை அறியாது தொடங்கினால் பல நாள் உழைப்பும் வீணாகக் கூடும்.

இழையின் இயல்பு

கம்பளி இழை கெராட்டின் என்னும் புரதப்பொருளால் ஆனது. அதன் இயற்கையான நெளிவுகளிடையே காற்றுத் தங்குவதால் உடல் வெப்பம் வெளியேறாமல் காக்கப்படுகிறது. இழையின் பருமனை மைக்ரான் அளவால் குறிப்பர். ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். மெரினோ ஆட்டின் இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்கு உட்பட்டது. ஆதலின் தோலை அவ்வளவாக உறுத்துவதில்லை. இந்தியச் செம்மறிகளின் கம்பளியில் பெரும்பகுதி இதனினும் பருமனானது; கம்பள நெசவுக்கே ஏற்றது. இக்குறையைப் போக்கும் பொருட்டு, 1962-இல் ராஜஸ்தானத்து அவிகாநகரில் நிறுவப்பெற்ற மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில், நாட்டு இனங்களை அயல்நாட்டு நயக்கம்பளி இனங்களுடன் கலந்து 'பாரத் மெரினோ' உருவாக்கப்பட்டது.

நூலைச் சோதித்தல்

கடையில் கம்பளி போலத் தோன்றும் நூல் யாவும் கம்பளியன்று. சிறு துண்டை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டினால் உண்மை விளங்கும். கம்பளி மெல்ல எரிந்து, மயிர் கருகும் நாற்றம் வீசும். அதன் கரி விரலால் நசுக்கப் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து, ஆறியபின் கெட்டியான கருமணியாகும். இச்சோதனையை ஆசிரியரே காற்றோட்டமுள்ள இடத்தில் செய்து காட்டுதல் நலம்.

அளவும் சலவையும்

உடையைத் தொடங்குமுன் ஒரு மாதிரித் துண்டு பின்னி, 10 செ.மீ. அகலத்திலுள்ள கண்ணிகளை எண்ண வேண்டும். 20 கண்ணிகள் இருப்பின், 80 செ.மீ. சுற்றளவுக்கு 160 கண்ணிகள் தேவை. கை இறுகி 22 கண்ணிகள் விழுந்தால், அதே 160 கண்ணிகள் ஏறத்தாழ 73 செ.மீ. மட்டுமே தரும், உடை அணிய இயலாததாகிவிடும். அப்போது சற்றே பருமனான ஊசியைக் கொண்டு மீண்டும் மாதிரி பின்னிப் பார்த்தல் வேண்டும்.

கம்பளி இழையின் மேற்புறம் மீன் செதில்போல் அடுக்கடுக்கானது. வெந்நீரிலிட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி உடை சுருங்கும், அச்சுருக்கம் மீளாது. ஆகவே மென்மையான சோப்பு நீரில் கசக்காமல் அலசி, முறுக்கிப் பிழியாமல் நீரை ஒற்றியெடுத்து, நிழலில் பரப்பி உலர்த்துதலே முறையாகும்.