கடல் கடக்காதவர் எழுதிய சோழநாடு

"நம்ம சோழரைப் பத்தி சீனாக்காரர் எழுதி வெச்சிருக்காராமே, நெசமா?" என்று ஆஸ்டின் டவுன் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்.

நெசந்தான். சௌ-ஜூ-குவா என்பவர் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் கடல் வாணிகக் கண்காணிப்பாளர். நம் சுங்க அதிகாரி மாதிரி. 1225இல் அவர் எழுதிய 'சூ-ஃபான்-சி' நூலில் சோழநாட்டுக்குப் பெயர் 'சூ-லியன்'. அவர் இங்கு வந்தவரல்லர். வணிகர்களை விசாரித்தும் பழைய ஏடுகளைப் பார்த்தும் எழுதினார்.

சோழ அரசுக்கு 60,000 போர்யானைகளாம். அவற்றின் முதுகில் வீடு அமைத்து வீரர்கள் அம்பு எய்வார்களாம். வென்ற யானைக்குப் பட்டப்பெயராம்! இது செவிவழிச் செய்தி. 1015இல் சோழத் தூதர் முத்துகளோடு வந்தனர் என்பதோ அரசாங்கப் பதிவு. இரண்டையும் பிரித்துப் படிக்கவேண்டும்.

"சரி, நம்ம ஆளுங்க ஒண்ணும் எழுதலையா?" என்றார் நண்பர்.

எழுதினார்கள், கல்லில். அதே சுவான்சௌவில் சிவன் கோயில் ஒன்றைப் பற்றிய 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் அடியில் சீன எழுத்தும் உண்டு. பிழைக்கப் போன ஊரில் அவர்கள் பொறித்து வைத்ததால் அவர்கள் வாழ்ந்தது இன்று நமக்குத் தெரிகிறது.

பெங்களூருக்கு வந்த நம் பாட்டன் பூட்டன் கதையை யார் எழுதி வைப்பது? நாம்தான்.