எக்ஸ் கதிர்ப் பேரொளி மூலங்கள்

வானிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பூமியின் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது. உயிரினங்களுக்கு இது பாதுகாப்பு. வானியலாருக்கோ பெரும் இடையூறு. எனவே, இக்கதிர்களை ஆராயும் தொலைநோக்கிகளைச் செயற்கைக் கோள்களில் பொருத்தி அனுப்ப வேண்டியுள்ளது. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்கா செலுத்திய ஐன்ஸ்டைன் தொலைநோக்கி அண்மை விண்மீன் மண்டலங்களைப் படம்பிடித்தபோது, அவற்றின் மையத்திலிருந்து விலகிய இடங்களில் மிகப் பிரகாசமான புள்ளிகள் சில தென்பட்டன. சூரியன் வெளியிடும் மொத்த ஆற்றலைப் போல் பல லட்சம் மடங்கு ஆற்றலை அவை எக்ஸ் கதிர்களாகவே வெளியிட்டன.

இத்தகைய ஒளி எவ்வாறு தோன்றுகிறது என்பது தெரிந்ததே. எரிந்து முடிந்து சுருங்கிய நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ தன் துணை விண்மீனிடமிருந்து வாயுவை ஈர்க்கிறது. அவ்வாயு சுழன்று விழுகையில் கடும் வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை வீசுகிறது. ஆனால், ஒளிக்கும் அழுத்தம் உண்டு. ஓர் அளவுக்கு மேல் ஒளி பெருகினால், விழும் வாயுவை அதுவே வெளியே தள்ளிவிடும். எடிங்டன் வரம்பு எனப்படும் இவ்வளவு, சூரியனின் எடையுள்ள பொருளுக்கு ஏறத்தாழ 30,000 சூரியன்களின் ஒளியாகும்; எடை கூடினால் வரம்பும் உயரும். ஆகவே, ஒளியைக் கொண்டு எடையை மதிப்பிட்டனர். சூரியனைப் போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு எடையுள்ள கருந்துளைகளே இம்மூலங்கள் என்ற கருத்து பரவலாக நிலவிற்று.

இக்கருத்தை அசைத்த சான்று, வேறொன்றைத் தேடப்போன இடத்தில் கிடைத்தது. சப்தரிஷி மண்டலத் திசையில் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 82 விண்மீன் மண்டலத்தில், 2014 ஜனவரியில் ஒரு விண்மீன் வெடித்தது. அதைக் காணத் திருப்பப்பட்ட நூஸ்டார் தொலைநோக்கி, 1.37 வினாடிக்கு ஒருமுறை சீராகத் துடிக்கும் எக்ஸ் கதிர்களைப் பதிவு செய்தது. கருந்துளைக்குத் திடமான பரப்பு இல்லை. அதனால் இவ்வாறு துடிக்க இயலாது. துடிப்பது நியூட்ரான் விண்மீனே. அங்கு அடுத்தடுத்திருந்த இரு மூலங்களைப் பிரித்துக் காணும் கூர்மை நூஸ்டாருக்கு இல்லை. துடிப்பது எது என்பதைச் சுட்டச் சந்திரா தொலைநோக்கி துணைநின்றது. 1935-இல் எடிங்டன் மறுத்துரைத்த சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய கருவி, எடிங்டனின் வரம்பையே சோதிக்க உதவியது குறிப்பிடத்தக்கது.

சூரியனைப் போல் ஒன்றரை மடங்கு எடைகூட இல்லாததாகக் கருதப்படும் அவ்விண்மீன், வரம்பைப் போல் சுமார் நூறு மடங்கு ஒளிர்ந்தது. ஒளி குறுகிய கற்றையாக நம்மை நோக்கி வீசுவதால் மிகையாகத் தோன்றுகிறதோ என்ற ஐயம் எழுந்தது. இதற்கு விடை காண எட்டாண்டுகள் தேவைப்பட்டன. அந்த இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும் இரண்டரை நாள் காலம் மெல்லக் குறைந்து வருவதைத் தொடர்ந்த நோக்கல்கள் காட்டின. அதிலிருந்து, ஆண்டுதோறும் பூமியைப் போல் ஒன்றரை மடங்கு பொருள் துணையிடமிருந்து பறிக்கப்படுவதாகக் கணக்கிடப்பட்டது. அத்துணை ஒளிக்கு இவ்வளவு பொருள் போதும். கற்றையைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. கடுமையான காந்தப் புலம் எலெக்ட்ரான்கள் மீது ஒளியின் பிடியைத் தளர்த்துகிறது என்பது ஒரு விளக்கம்.

இந்தியாவின் பங்கும் இதில் உண்டு. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், சிறிய மெகல்லன் மேகத்தின் அருகே 26 ஆண்டு உறக்கத்துக்குப் பின் 2019-இல் விழித்த ஒரு நியூட்ரான் விண்மீனை ஆராய்ந்தது. அதன் 9.3 வினாடித் துடிப்பை, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கருவி தெளிவாக அளந்தது. அதன் உச்ச ஒளி, இப்பேரொளி மூலங்களின் வரிசையில் சேரத்தக்கதாக இருந்தது.

இதனால் பழைய கருத்து முற்றும் வீழ்ந்துவிட்டதென்று கொள்ளலாகாது. 2009-இல் அறிவிக்கப்பட்ட எச்.எல்.எக்ஸ்-1, இன்றும் நடுத்தர எடைக் கருந்துளை என்றே பெரிதும் கருதப்படுகிறது. துடிப்பு காணப்படாத மூலங்களே இன்னும் மிகுதி. ஆனால் எம் 82-இல் உள்ளதன் துடிப்பும் எல்லா வேளையிலும் தென்படுவதில்லை.