சுவர் காட்டும் வழி

கண் பார்வையில்லாத குழந்தை பள்ளிக்கூடத்துக்கு வந்தால் நாம் முதலில் செய்வதென்ன? அன்போடு அதன் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறோம். உபாத்தியாயர்களாகிய நாம் இதையே பெரிய தர்மமென்று எண்ணியிருந்தோம். குஜராத்தில், காந்திநகரில் 2021-ல் கட்டி முடிக்கப்பட்ட பார்வையற்ற குழந்தைகளின் பள்ளிக்கூடம் அந்த எண்ணத்தைத் திருத்துகிறது.

அங்கே சுவர்ப்பூச்சு ஐந்து விதம். விரலால் தடவினாலே, கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோமென்று குழந்தை அறிந்துகொள்ளும். கல் பாவிய தரை பொதுவாக வழவழப்பானது. வகுப்பு வாசலில் மட்டும் சொரசொரப்பு. கூரையின் உயரமும் நடையின் அகலமும் மாறுவதால், காலடி ஓசையின் எதிரொலியும் இடத்துக்கு இடம் மாறுகிறது. முற்றத்துச் செடிகளின் மணமும் வழி சொல்கிறது. மங்கலாகப் பார்வையுள்ளவர்களுக்கென்று, பின்புலத்திலிருந்து எடுத்துக் காட்டும் வர்ணங்களைத் தீட்டியிருக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் குபேர சம்பத்து வேண்டியதில்லை. கொத்தனார் கரணை பிடிக்குமுன் சற்றே யோசித்தால் போதும். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் கட்டுகிறவர்களும் இதை மனத்திற்கொள்ள வேண்டும். பிறர் கையை எதிர்பாராமல், தன் வகுப்புக்குத் தானே நடந்து செல்வதும் ஒரு குழந்தைக்குச் சுயராஜ்யமல்லவா?