இரத்மலானைக்கும் பலாலிக்கும் எத்தனை மணித்தியாலம்?

பாமன்கடையிலிருந்து இரத்மலானை விமான நிலையம் ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். கட்டுநாயக்கவுக்குப் போவதென்றால் நகர நெரிசலைக் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போகவேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள எமது பகுதி வர்த்தகர்களுக்கு இரத்மலானை–பலாலி விமானம் வீட்டு வாசலில் நிற்கும் வாகனம் மாதிரி என்று சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வான்வழியில் இரு நிலையங்களுக்கும் இடையே சுமார் 330 கிலோமீற்றர். சிறிய விமானம் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் இறங்கிவிடும். தரைவழியோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஆனால் வியாபாரியின் கடிகாரம் வேறு. இரவு கடையைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தையில் சொகுசு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் யாழ்ப்பாணம். தூக்கம் கெடலாம், வியாபார நாள் கெடாது. முற்பகல் விமானத்தில் போகிறவரோ முன்கூட்டியே போய்க் காத்திருந்து, பறந்து, பலாலியிலிருந்து நகரத்துக்கும் வந்து சேரும்போது பாதி நாள் போய்விடும். பஸ்ஸில் புடைவைப் பொதியை ஏற்றலாம். விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு.

இந்தப் பாதை புதியதல்ல. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பின்னர் போர் வந்தது. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் உயிரிழந்தனர். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதும் விமானத்தையும் கப்பலையும் விட்டால் வேறு வழியிருக்கவில்லை. 2007இல் நான் போனபோது சுபஹுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டேன். சோதனை, காத்திருப்பு, மீண்டும் சோதனை என்று யாழ் நகரில் கால் வைக்க அஸர் நேரமாகிவிட்டது. பறந்தது மட்டும் ஒரு மணித்தியாலம்!

போர் முடிந்த பிறகும் இந்த உள்நாட்டுச் சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே இருந்திருக்கிறது. இதற்கிடையில் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமாகி, 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் விமானம் விடப்பட்டது.

புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் கவனிக்கவேண்டியது இதைத்தான். பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர். இரத்மலானையை விடக் கொஞ்சம்தான் தூரம். திருச்சி 185 கிலோமீற்றர் அளவுதான். அதாவது, யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பை விடத் திருச்சி கிட்ட. கடைச் சரக்குக்குச் சுங்கம், கடவுச்சீட்டு, விசா எல்லாம் இருக்கின்றன, உண்மை. என்றாலும் கல்யாணப் புடைவை எடுக்கப் புறப்படும் குடும்பம் அதையெல்லாம் பெரிதாக எண்ணுமா? அப்படிப் போகும் ஒவ்வொரு குடும்பமும் பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் உள்ள எமது கடைகளுக்கு வராத ஒரு வாடிக்கை.

இரத்மலானையிலிருந்து அதிகாலையில் போய், மாலையில் திரும்பும் ஒரு விமானம் நாள் தவறாமல் ஓடினால் கணக்கு மாறும். காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாணக் கடைத்தெருவில் நிலுவைப் பணம் வசூலிக்க நிற்கலாம். இஷாவுக்குப் பாமன்கடையில் இருக்கலாம். அதற்கு ஐந்தோ பத்தோ ஆயிரம் கூடக் கொடுக்க நான் தயார்.